சிலம்பை யார் சோதிப்பது?

நான் நான்காம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் திருடன் புகுந்தான். பகல் நேரம். அப்பா வேலையில் இருந்தார்; நானும் தம்பியும் பள்ளியில் இருந்தோம். அம்மா சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் பின்பக்கச் சன்னல் கண்ணாடியை உடைத்து, கம்பியை வளைத்து, அலமாரியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். பணம் அதிகம் இல்லை. பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த அட்டிகை போனது. பாட்டி பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் செய்த அட்டிகை அது.

நாங்கள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா சமையலறையைப் பெருக்கித் துடைத்து முடித்திருந்தார். தம்பிக்கு வெறுங்காலோடு ஓடுகிற பழக்கம். கண்ணாடித் துண்டு காலில் குத்திவிடுமே என்ற பயத்தில் அம்மா செய்த முதல் காரியம் துடைப்பத்தை எடுத்ததுதான். அலமாரியில் கலைந்து கிடந்த துணிகளையும் மடித்து வைத்துவிட்டார். மாலையில் போலீசார் இருவர் வந்து புகார் விவரம் எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் பிற்பகல் கைரேகை எடுக்க ஒருவர் வந்தார். சன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். “எல்லாவற்றையும் துடைத்துவிட்டீர்களே, மக்சே” என்று மலாயில் மெல்லச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அன்று முழுதும் அம்மா யாரோடும் பேசவில்லை.

அட்டிகை திரும்பக் கிடைக்கவில்லை. துடைக்காமல் இருந்தாலும் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆயினும் என் மனத்தில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. முதல் ஒரு மணி நேரத்திற்குள், “ஒன்றையும் தொடாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி வாசலில் வந்து நிற்க ஏன் ஓர் ஆள் இல்லை? குப்பை அள்ளவும், கால்வாய் அடைப்பெடுக்கவும், சாய்ந்த மரத்தை வெட்டவும் நம் மாநகர் மன்றத்தில் ஆள் இருக்கிறது. தடயத்தைக் காக்க மட்டும் ஏன் இல்லை?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். படித்ததையும் அதிலிருந்து நான் வந்தடைந்த கருத்தையும் நம் ஆண்டிதழ் வாசகர்கள் முன் வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் என் கருத்து இதுதான்: குற்றம் நடந்த இடத்தைப் படம் பிடித்து, அளந்து, தடயங்களைச் சேகரித்து, முத்திரையிட்டு ஒப்படைக்கும் வேலையைச் சீருடை அணியாத, அறிவியல் பயின்ற பணியாளர்களிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பணியிடங்கள் மாநகர் மன்ற அளவில் உருவாக வேண்டும். சுபாங் ஜெயா அதற்குத் தொடக்கமாக அமையலாம்.

நமக்குத் தெரிந்த பழைய வழக்கு

தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்குக் கோவலன் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதை ஒரு குற்ற வழக்காக நாம் படிப்பதில்லை. ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள்.

அரசியின் சிலம்பு காணாமற்போனது. கோவலன் ஒரு சிலம்பை விற்க வந்தான். அது அரசியுடையதுதான் என்று அடையாளம் சொன்னவன் பொற்கொல்லன். அரண்மனைக்கு நகை செய்பவன் ஆதலால் அவன் சொல் நிபுணர் சொல்லானது. ஆனால் சிலம்பைத் திருடியவனே அவன்தான். திருடனே சாட்சியாகவும் நிபுணனாகவும் இருந்தான். மன்னனோ விசாரிக்கவில்லை. கொல்லப்பட்டது கோவலன்.

பிறகு கண்ணகி அவைக்கு வந்து என்ன செய்தாள்? அழுது மன்றாடினாள் என்பதைவிட, ஒரு சோதனை செய்து காட்டினாள் என்பதே உண்மை. அரசியின் சிலம்பில் முத்துப் பரல். தன் சிலம்பில் மாணிக்கப் பரல். எல்லாரும் பார்க்கும்படி அவையிலேயே உடைத்தாள். அந்தச் சோதனை கோவலன் உயிரோடு இருந்தபோதே, இந்த வழக்கில் எந்தப் பயனும் அடையாத ஒருவர் கையால் நடந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது.

பொருள் பொய் சொல்லாது. பொருளைக் கையில் எடுப்பவர் யார், எப்போது எடுக்கிறார், அவருக்கு அந்த வழக்கில் என்ன அக்கறை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் சொல்ல வருவதும் இதைத்தான்.

இரண்டு முனையிலும் சீருடை இல்லை

இன்று நம் நாட்டில் இந்த வேலை எப்படி நடக்கிறது? குற்றம் நடந்த இடத்திற்கு வரும் தடயவியல் குழு அரச மலேசியப் போலீஸ் படையைச் சேர்ந்தது. போலீசாருக்கெனத் தனித் தடயவியல் ஆய்வுக்கூடமும் உண்டு. இரத்தம், மரபணு, போதைப்பொருள், நஞ்சு போன்றவற்றை ஆராய்வது பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய இரசாயனத் துறை. அங்கே பணிபுரிபவர்கள் சீருடை அணியாத இரசாயனவியலாளர்கள். சவப் பரிசோதனை செய்பவர்கள் மருத்துவமனைகளின் தடயவியல் மருத்துவர்கள். அவர்களும் போலீசார் அல்லர்.

ஆக, உடலைச் சோதிப்பவர் சீருடை அணிவதில்லை. மரபணுவைச் சோதிப்பவரும் அணிவதில்லை. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், களத்தில் தடயத்தை முதன்முதலாகத் தொடுகிறவர் மட்டும் புலன்விசாரணை நடத்தும் அதே படையைச் சேர்ந்தவராக இருக்கிறார். ஆய்வுக்கூடம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அங்கே வந்து சேரும் உறைக்குள் இருப்பதைத்தான் அது சோதிக்க முடியும். களத்தில் தவறவிட்டதை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

பிரான்சின் லியோன் நகரில் 1910ஆம் ஆண்டு ஆய்வுக்கூடம் அமைத்த எட்மோன் லோகார்ட் என்பவரைத் தடயவியல் மாணவர்கள் முதல் பாடத்திலேயே படிக்கிறார்கள். ஓர் இடத்திற்கு வருபவர் எதையாவது விட்டுச் செல்கிறார், எதையாவது எடுத்தும் செல்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம். இது திருடனுக்கு மட்டும் பொருந்துவதன்று. துடைப்பம் எடுத்த அம்மாவுக்கும் பொருந்தும். எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டாருக்கும் பொருந்தும். காலணியோடு உள்ளே நுழைந்த காவலருக்கும் பொருந்தும்.

சுபாங் ஜெயாவின் இரண்டு இளைஞர்கள்

ஓர் அட்டிகைக்காகவா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். அட்டிகை போகட்டும். இதே சுபாங் ஜெயாவில் நடந்த இரண்டு மரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, அ. குகன். 2009 ஜனவரியில் கார் திருட்டு தொடர்பாகக் கைது செய்யப்பட்ட அவர், ஜனவரி 20ஆம் நாள் யு.எஸ்.ஜே. தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்தார். முதல் சவப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகச் சொன்னது. குடும்பத்தார் ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாம் பரிசோதனை, அடியினால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைச் சுட்டிக்காட்டியது. சவக்கிடங்கில் உடலில் இருந்த காயங்களைப் படம் பிடித்தவர்கள் குடும்பத்தாரே. அந்தப் படங்கள் வெளிவந்த பிறகுதான் நாடே இதைப் பற்றிப் பேசியது. ஒரு காவலர் காயம் விளைவித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 2013 ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் குகனின் தாயாருக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

இங்கே நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். போலீஸ் நிலையமே சம்பவ இடம். அந்த அறையை அளந்து படம் பிடிக்க வேண்டியவர்களும் அதே படையினர். அவர்கள் நேர்மையாகவே செய்திருந்தாலும் இறந்தவரின் தாய் எப்படி நம்புவார்? மகனின் உடலைப் படம் பிடிக்கும் வேலை குடும்பத்தார் தலையில் விழுந்தது என்றால், அந்த வேலைக்கு வேறு யாரையும் அவர்களால் நம்ப முடியவில்லை என்றுதானே பொருள்?

இரண்டாவது, தீயணைப்பு வீரர் முகமட் அடிப் முகமட் காசிம். 2018 நவம்பர் இறுதியில் யு.எஸ்.ஜே. 25, சீஃபீல்டு மகா மாரியம்மன் ஆலயத்தின் அருகே கலவரம் மூண்டபோது பணிக்கு வந்தவர். கடுமையாகக் காயமடைந்து டிசம்பர் 17ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 24. அடுத்த ஆண்டு நடந்த மரண விசாரணையில் பெரிய கேள்வியாக நின்றது இதுதான்: அவர் மார்பில் ஏற்பட்ட காயம் தாக்கப்பட்டதால் வந்ததா, வாகனத்தின் கதவில் சிக்கியதால் வந்ததா? நிபுணர்கள் ஒருவருக்கொருவர் மாறுபட்டுச் சாட்சியம் அளித்தனர். 2019 செப்டம்பர் 27ஆம் நாள், அடையாளம் தெரியாத நபர்களின் குற்றச் செயலால் அவர் இறந்தார் என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

அந்த மாதங்களில் நம் நாட்டில் இருந்த பதற்றத்தை மறந்திருக்க மாட்டோம். ஒவ்வொரு சமூகமும் தான் நம்ப விரும்பிய நிபுணரை நம்பியது. என் வகுப்பிலேயே மலாய் நண்பர்களும் நாங்களும் அந்தப் பேச்சை எடுக்காமல் தவிர்த்தோம். அந்த இரவு கும்பலும் நெருப்புமாக இருந்த இடத்தில் நின்று நிதானமாகத் தடயம் எடுப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எந்தப் பக்கமும் சாராத ஒரு களப்பதிவு, இரு தரப்பு நிபுணர்களும் ஏற்றுக்கொண்டு வாதாடக்கூடிய ஒரு பொதுப்பதிவு, இப்படிப்பட்ட வழக்குகளுக்கு எவ்வளவு தேவை என்பதை அந்த விசாரணை காட்டியது.

ஒருவர் தமிழர், ஒருவர் மலாய்க்காரர். ஒருவர் காவலில் இறந்தவர். ஒருவர் கடமையில் இறந்தவர். இருவர் வீட்டிலும் பெற்றோர் கேட்டது ஒரே கேள்விதான்: என் பிள்ளைக்கு என்ன நடந்தது? இதை இன வழக்காகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எனக்கு இது தடயத்தின் மீது நம்பிக்கை வைப்பது பற்றிய வழக்கு.

சான்றுப்பொருள் கை மாறும் வழி பற்றியும் ஒரு சொல். டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் மீதான இரண்டாவது வழக்கில், மாதிரிகள் ஆய்வுக்கூடம் போகும் முன் போலீஸ் அலுவலகத்தில் குளிர்பெட்டியில் வைக்கப்படாமல் இருந்தது பெரும் வாதமாயிற்று. 2012 ஜனவரி 9ஆம் நாள் உயர் நீதிமன்றம் மரபணுச் சான்றின் தூய்மையில் ஐயம் கொண்டு விடுதலை செய்தது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015இல் கூட்டரசு நீதிமன்றமும் அதே சான்றை ஏற்றுத் தண்டித்தன. 2018இல் பேரரசரின் மன்னிப்பு கிடைத்தது. அரசியல் பேச நான் வரவில்லை. ஒரு பொட்டலம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் வழி ஒரு நாட்டையே பல ஆண்டுகள் இரண்டாகப் பிரித்து வைக்க முடியும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பிறர் செய்து பார்த்தது

இது நான் கனவில் கண்ட திட்டமன்று. பிரிட்டனில் இன்று சம்பவ இடங்களில் தடயம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் காவலர் பதவி இல்லாத பணியாளர்களே. தொலைக்காட்சியில் நாம் பார்த்த ‘சி.எஸ்.ஐ.’ தொடரின் களமான லாஸ் வேகாசிலும் அவர்கள் அப்படித்தான். தொடரில் வருவதுபோல் அவர்கள் துப்பாக்கி ஏந்தித் திருடனைத் துரத்துவதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஒரு மாநகராட்சியே பொறுப்பேற்ற கதை ஹியூஸ்டன் நகருடையது. அங்கே போலீஸ் ஆய்வுக்கூடத்தின் மரபணுப் பிரிவு அவ்வளவு மோசமாக இருந்ததால் 2002ஆம் ஆண்டு இறுதியில் அதை மூட வேண்டியதாயிற்று. ஜோசையா சட்டன் என்ற இளைஞர் 1999இல் பாலியல் குற்றத்திற்காக 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். அவரைச் சிக்கவைத்த மரபணு அறிக்கை தவறென்று தெரிந்து 2003இல் வெளியே வந்தார். கைதானபோது அவருக்கு வயது 16. அந்த அவமானத்திற்குப் பிறகு ஹியூஸ்டன் மாநகரம் 2012இல் போலீசாரிடமிருந்து தனித்து நிற்கும் தடயவியல் மையத்தை அமைத்தது. 2014 ஏப்ரலில் அம்மையம் பொறுப்பேற்றது. அதன் இயக்குநர்களை நியமிப்பவர் நகர மேயர். போலீஸ் அதிகாரிகளிடம் இருந்த களப்பணியும் அம்மையத்திற்கு வந்து, படிப்படியாகச் சீருடையற்ற பணியாளர் கைக்கு மாறியது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகமும் 2009இல் வெளியிட்ட அறிக்கையில், தடயவியல் கூடங்கள் போலீஸ் நிர்வாகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அமெரிக்காவை விடுங்கள், தமிழ்நாட்டைப் பாருங்கள். சென்னையில் 1849ஆம் ஆண்டிலேயே இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தோன்றியது. அதன் வழி வந்த தமிழ்நாடு தடய அறிவியல் துறையில் இருப்பவர்கள் அறிவியலாளர்கள். 1991 மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணி, கம்பி, உடற்பகுதிகள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டையில் இருந்தது என்று கண்டறிந்தவர் அத்துறையின் அப்போதைய இயக்குநர் பேராசிரியர் ப. சந்திரசேகரன். அவர் போலீஸ்காரர் அல்லர். களத்தில் இறந்து கிடந்த படக்காரர் ஹரிபாபுவின் கேமரா அப்படியே கிடைத்தது வழக்கின் திறவுகோலானது. அந்தக் குழப்பத்தில் யாராவது அந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2024 ஜூலை 1ஆம் நாள் நடப்புக்கு வந்த இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் களத்திற்கு நேரில் வருவதைக் கட்டாயமாக்குகிறது. மாநிலங்கள் தயாராவதற்குக் கால அவகாசம் தரப்பட்டுள்ளது. நாமும் அந்தத் திசையில்தான் போக வேண்டியிருக்கும். ஆளைத் தயார் செய்துவிட்டுப் போகிறோமா, போன பிறகு ஆள் தேடுகிறோமா என்பதுதான் கேள்வி.

எழக்கூடிய தடைகள்

இந்தக் கருத்தை என் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னபோது அவர் உடனே நான்கு தடைகளை அடுக்கினார். அவை நியாயமானவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் தடை சட்டம். நம் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி போலீஸ் கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநகர் மன்றம் குற்றப் புலனாய்வு செய்ய முடியாது. உண்மைதான். ஆனால் நான் கேட்பது புலனாய்வு அதிகாரத்தை அன்று. யாரைக் கைது செய்வது, யாரை விசாரிப்பது என்பதெல்லாம் போலீசாரிடமே இருக்கட்டும். மன்றம் ஆளையும் கருவியையும் கொடுக்கிறது. போலீசார் அழைக்கும்போது அவர்கள் களத்திற்கு வருகிறார்கள். எடுத்ததை ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குகிறார்கள். ஊராட்சி மன்றங்கள் தெருக்களில் கேமரா பொருத்தி, தேவைப்படும்போது பதிவுகளைப் போலீசாருக்குத் தரவில்லையா? இரும்புக் கம்பத்தில் தொங்கும் கேமரா சான்று தரலாம் என்றால், பயிற்சி பெற்ற மனிதர் கையில் உள்ள கேமரா ஏன் தரக்கூடாது? இதற்கு உள்துறை அமைச்சு, மாநில அரசு, மன்றம் மூன்றும் கையெழுத்திடும் ஓர் உடன்பாடு வேண்டும். சட்டத் திருத்தமும் தேவைப்படலாம். ஆனால் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, அறிவியலிலும் கைரேகையிலும் தனித்திறன் பெற்றவரின் கருத்தை நீதிமன்றம் ஏற்க இடம் தருகிறது. அவர் சீருடை அணிந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

இரண்டாவது தடை பணம். மதிப்பீட்டு வரி கட்டும் நாம் ஏற்கெனவே குழிவிழுந்த சாலையைப் பற்றிக் குறை சொல்கிறோம். இதில் இன்னொரு செலவா? ஆனால் தொடக்கத்தில் தேவைப்படுவது ஆய்வுக்கூடமன்று. முறை மாற்றி வேலை செய்யும் சிலர், ஒரு வேன், கேமரா, அளவுகோல், கைரேகைப் பொடி, கையுறை, எண்ணிட்ட உறைகள் போதும். முதலில் வீடு புகுந்து திருடும் வழக்குகள், கார் உடைப்பு வழக்குகள் என்று சிறியதாகத் தொடங்கலாம். கொலை வழக்குகள் போலீஸ் குழுவிடமே இருக்கட்டும். இதனால் பெரிய வழக்குகளுக்கு நேரம் ஒதுக்கப் போலீசாருக்கும் வசதி கிடைக்கும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஆயுதம் இல்லாதவரைக் குற்றம் நடந்த இடத்திற்கு அனுப்பலாமா? போலீசார் முதலில் வந்து இடத்தைப் பாதுகாப்பாக்கிய பின்னரே அவர்கள் உள்ளே நுழைய வேண்டும். பிற நாடுகளில் நடப்பதும் அதுதான்.

நான்காவது தடைதான் எனக்குக் கடினமாக இருந்தது. சீருடையைக் கழற்றினால் நேர்மை வந்துவிடுமா? வராது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஆனி டூகான் என்ற இரசாயனவியலாளர் போலீஸ்காரர் அல்லர். சோதிக்காமலேயே சோதித்ததாக எழுதியது 2012இல் வெளிப்பட்டு, 2017இல் 21,000க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகள் தள்ளுபடி ஆயின. அதுமட்டுமன்று. நம் ஊராட்சி மன்றங்களுக்கு 1965இல் தேர்தல் நிறுத்தப்பட்டது. இன்றும் மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அப்படியிருக்க மாநகர் மன்றம் போலீசைவிட மக்களுக்கு நெருக்கமானது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு என்னிடம் உள்ள பதில் முழுமையானதன்று. ஆனால் ஒன்று சொல்வேன். வழக்கை முடிக்க வேண்டிய நெருக்கடி புலன்விசாரணை அதிகாரிக்கு உண்டு. அவர் நல்லவராக இருந்தாலும் அந்த நெருக்கடி இருக்கும். களப்பணியாளருக்கு அது இருக்கக்கூடாது. வழக்கு வென்றாலும் தோற்றாலும் அவருக்குச் சம்பளம் ஒன்றுதான், பதவி உயர்வு ஒன்றுதான் என்று அமைக்க வேண்டும். அதோடு அவர் எடுத்த படமும் குறிப்பும் அரசுத் தரப்புக்கு மட்டுமின்றி எதிர்த்தரப்புக்கும் கிடைக்க வேண்டும். வெளியார் வந்து ஆண்டுதோறும் வேலையைச் சோதிக்க வேண்டும். இவை மூன்றும் இல்லாமல் பணியிடத்தை மட்டும் உருவாக்கினால், சட்டையின் நிறம் மாறும்; வேறொன்றும் மாறாது. ஹியூஸ்டன் நமக்கு நல்ல பாடம் என்றால் மாசசூசெட்ஸ் எச்சரிக்கை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் மாணவர்களுக்கு

இந்தப் பேச்சில் நமக்கென ஒரு பகுதியும் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குபாங் கெரியான் வளாகத்திலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் தடயவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் நம் மாணவர்களும் படிக்கிறார்கள். என் தோழி ஒருத்தி ஆர்வத்தோடு அதைப் படித்தாள். இன்று ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைத் தாள்களைச் சரிபார்க்கிறாள். “என்னடி, இதற்கா படித்தாய்?” என்று கேட்டேன். “போலீசில் சேர உயரம் பத்தவில்லை, இரசாயனத் துறையில் இடம் காலியில்லை. கைரேகை எடுக்கத் தெரியும், எடுக்கத்தான் விரல் இல்லை” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நெருடலாகவே இருந்தது.

நம் பெற்றோர் பலருக்குப் போலீஸ் என்றாலே ஓர் அச்சம். பிள்ளை போலீசில் சேர்கிறேன் என்றால் தயங்குவார்கள். ஆனால் மாநகர் மன்றத்தில் அறிவியல் பணி என்றால் தயங்க மாட்டார்கள். அதன் வழியே நம் பிள்ளைகளும் பிற இனப் பிள்ளைகளும் ஒரே வேனில் ஏறிக் களத்திற்குப் போவார்கள். அழுதுகொண்டு வாசலில் நிற்கும் அம்மாவிடம் அவர் மொழியிலேயே, “அம்மா, ஒன்றையும் தொடாதீங்க, நாங்க வந்துட்டோம்” என்று சொல்ல ஒருவர் இருப்பார். தடயமும் தப்பும், போலீஸ் மீது இருக்கும் அச்சமும் சிறிது குறையும்.

சுபாங் ஜெயா 1997இல் நகராண்மைக் கழகமாகித் தனித்து நின்றது. 2020 அக்டோபர் 20ஆம் நாள் மாநகர் தகுதி பெற்றது. பெயர்ப் பலகையில் ஓர் எழுத்து மாறினால் மட்டும் மாநகராகிவிடாது. தன் மக்களுக்கு ஏற்பட்ட இழப்பின் உண்மையை அறிய அது என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதிலும் அதன் பெருமை அடங்கும். குடியிருப்பாளர் சங்கக் கூட்டங்களில் குப்பைத் தொட்டியைப் பற்றியும் வேகத்தடையைப் பற்றியும் பேசும்போது, இதையும் ஒருவர் எழுந்து கேட்கலாம். அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போகிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்வேன்.

அம்மா இப்போதும் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், “நான்தான் அவசரப்பட்டு எல்லாத்தையும் துடைச்சிட்டேன்” என்பார். ஒவ்வொரு முறையும் நான் மறுத்துச் சொல்கிறேன். பிள்ளை காலில் கண்ணாடி குத்திவிடக்கூடாது என்று துடைப்பம் எடுத்த தாயின் மேல் குற்றமில்லை. அவர் துடைப்பத்தை எடுப்பதற்கு முன் அந்த வாசலுக்கு யாரும் வந்து சேராததுதான் குறை. அந்தக் குறையை நிரப்ப முடியும் என்று நம்புகிறேன்.